வீட்டுக்காரிக்கு ரிப்போர்ட் வரணும், ஊர்ல அம்மா தனியா: நடுவுல இருக்குற நாள ஓட்டுறது எப்படி

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல என் மனைவி கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிட்டு இருந்தவ, "என்னங்க, இங்க வந்து பாருங்களேன், தண்ணி குடிச்சா இந்த இடத்துல ஏதோ ஏறி எறங்குது"ன்னு கூப்பிட்டா. கழுத்துல வலது பக்கம், அரநெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம், கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பில வந்த கட்டி அது. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, எப்ப வந்துச்சுன்னும் தெரியல. அன்னைல இருந்து கடைசி ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மாசம். நாங்க தாம்பரத்துல, எங்க அம்மா கோவில்பட்டில தனியா, வயசு 71, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு, அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவளோட அப்பா அம்மா சாத்தூர்ல, அண்ணன் மஸ்கட்ல. பொண்ணு அஞ்சாங்கிளாஸ்.

இதுல வைத்தியம் சொல்ல வரல, அது டாக்டர் வேலை. ஒரு டாக்டர் விசிட்டுக்கும் அடுத்த விசிட்டுக்கும் நடுவுல சோறு பொங்கணும், ஆபீஸ் போகணும், புள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரணும், ஊருக்கு போன் பேசணும்ல, அந்த நாள எப்படி ஓட்டுறதுன்னுதான் எழுதுறேன். நான் தப்பு பண்ணி கத்துக்கிட்டதும் இதுல இருக்கு.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

நாப்பது பக்க நோட்டு போதும். போன்ல எழுதிக்கலாம்னு நினைக்காதீங்க, டாக்டர் முன்னாடி போன நோண்டிட்டு இருந்தா ரெண்டு பேருக்குமே கவனம் போயிடும், அதுவும் இல்லாம அந்த போனுக்கு அந்த நேரத்துலதான் ஆபீஸ்ல இருந்து கால் வரும். முதல் பக்கத்துல அவங்க பேர், வயசு, ரத்த குரூப், இப்ப சாப்பிடுற எல்லா மாத்திரையும், எதுக்கு அலர்ஜி. மாத்திரைன்னா டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும் இல்ல, மெடிக்கல்ல நாமளா கேட்டு வாங்கிப் போடுறதும்தான். என் மனைவி முடி கொட்டுதுன்னு ஒரு மாத்திரை போட்டுட்டு இருந்தா, அதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருந்துச்சு. பயோட்டின் சில தைராய்டு ரத்த டெஸ்ட்டோட அளவ மாத்திக் காட்டிடும், அதனால குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டு ரத்தம் குடுக்கச் சொல்வாங்க. நோட்டுல எழுதி இருந்ததாலதான் டாக்டர் கண்ணுல பட்டுச்சு, இல்லன்னா நாங்க அத சொல்லவே தோணியிருக்காது.

உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய பெஞ்சுல உக்காந்தே கேள்விய எழுதிருங்க. நாங்க கேட்டது இவ்வளவுதான்: இது எவ்வளவு பெருசு, ஸ்கேன் ரிப்போர்ட்ல போட்டிருக்குற நம்பருக்கு என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்யணும், அது எந்தத் தேதிக்குள்ள, அதுக்கு முன்னாடியே ஓடி வரணும்னா என்ன நடந்தா வரணும். இந்தக் கடைசி கேள்விய கண்டிப்பா கேளுங்க. எங்களுக்குச் சொன்னது, குரல் கம்மிப் போய் அப்படியே நின்னா, முழுங்க கஷ்டமா இருந்தா, மூச்சு விட சிரமமா இருந்தா, கட்டி வேகமா வளர்ற மாதிரி தெரிஞ்சா தேதி பார்க்காம வந்துடணும்னு. இது நோட்டுல இருந்தா ராத்திரில சும்மா தொண்டைய தடவிப் பார்த்து பயப்படுறப்ப எடுத்துப் படிக்கலாம், இதுல எதுவும் இல்லன்னா காலைல வரைக்கும் தாங்கும்னு ஒரு தெம்பு வரும்.

எங்க விஷயத்துல ஸ்கேன்ல 1.8 சென்டிமீட்டர், டைராட்ஸ் 4னு வந்துச்சு. டைராட்ஸ்ங்குறது ஸ்கேன்ல கட்டி எப்படித் தெரியுதுன்னு வச்சு 1ல இருந்து 5 வரைக்கும் போடுற மார்க்கு. 4னா கொஞ்சம் சந்தேகம், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல இருந்தா ஊசி வச்சு எடுத்துப் பாக்கணும். அதத்தான் எஃப்என்ஏசின்னு சொல்றாங்க, மெல்லிசு ஊசி, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே குத்தி கொஞ்சூண்டு செல்லு எடுப்பாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க முன்னாடியே சொல்லிடணும். தைராய்டு கட்டில பெரும்பாலானது புத்துநோய் கிடையாதுன்னு டாக்டர் முதல் நாளே சொன்னார். அது உண்மைதான், ஆனா அத நான் வீட்டுக்கு வந்து அவகிட்ட பத்து தடவ சொன்னேன், பதினோராவது தடவ சொல்றப்ப "அந்தப் பெரும்பாலானதுல நான் இல்லன்னா என்ன பண்றது"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் சொல்றத நிறுத்திட்டேன். நீங்களும் ஆறுதலா ஒரு தடவ சொல்லுங்க, போதும். அடுத்த தடவ அவங்க அந்தப் பேச்ச எடுத்தா பதில் சொல்லாம, பக்கத்துல உக்காந்து கேளுங்க.

ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா ஒரே ஃபைல்ல. வாங்குன அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வச்சுக்கங்க. நாங்க எடுத்த ஒரு லேப்ல ரிப்போர்ட்ல வயச தப்பா அடிச்சுக் குடுத்துட்டாங்க, வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம், திரும்பப் போய் மாத்துறதுக்கு அரை நாள் போச்சு. கவுன்ட்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி பேர், வயசு, எந்தப் பக்கம், தேதி இது நாலையும் படிச்சுப் பாத்துடுங்க.

யார்கிட்ட சொல்றது: இதுலதான் நான் பெரிய தப்பு பண்ணேன்

ஊசி எடுத்த அன்னைக்கு சாயங்காலம் அம்மா போன் பண்ணாங்க. "ஏம்ல கொரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்டதும் எனக்கு அடக்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். மறுநாள் காலைல ஏழு மணிக்கு அவளோட அம்மா சாத்தூர்ல இருந்து அழுதுக்கிட்டே போன், எட்டு மணிக்கு மஸ்கட்ல இருந்து அண்ணன், அங்க அப்ப மணி ஆறரை, அப்புறம் பெரியம்மா, ரெண்டு சித்தி, கல்யாணத்துல மட்டும் பார்த்த ஒரு அத்தை. என் மனைவி அன்னைக்கு ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போகணும். வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "எனக்கு என்னன்னு எனக்கே இன்னும் தெரியல, அதுக்குள்ள ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டுப் போனா. அவ அம்மா அப்பாவுக்கு அவ வாயால, அவ சொல்ற நேரத்துல போக வேண்டிய சேதி, என் வாயில இருந்து எங்க அம்மா வழியா சுத்திப் போயிருச்சு. எங்க அம்மா மேல குத்தம் இல்ல, அவங்க பயந்துபோய் சம்பந்திக்குப் போன் பண்ணாங்க, ஊர்ல அதுதான் முறை. குத்தம் என்னோடது. மன்னிப்பு கேட்டேன், அவ ரெண்டு நாள் சரியாப் பேசல.

அதனால இத எழுதி வச்சுக்கங்க. உடம்பு யாருக்கு முடியலையோ சேதியும் அவங்களோடது. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வர்ற வழியிலேயே, ஆட்டோல இல்ல, ஒரு டீக்கடைல நின்னு கேட்டுருங்க: யார் யாருக்கு சொல்லணும், யாருக்கு இப்ப வேணாம், யார் சொல்றது, எவ்வளவு சொல்றது. அவங்க வேணாம்னு சொன்ன ஆளுக்கு நீங்க சொல்லக் கூடாது, அது உங்க அம்மாவா இருந்தாலும்.

அதே மாதிரி உங்களுக்குன்னு ஒரு ஆள் வேணும், அதையும் அவங்ககிட்ட கேட்டே வச்சுக்கங்க. நான் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட மட்டும் பேசுனேன், அவருக்கு எங்க ரெண்டு வீட்டு ஆளுங்களையும் தெரியாது, அதுவே வசதியா இருந்துச்சு. பாரம் முழுசும் அவ தலையிலயும் போகாது, ஊருக்கும் போகாது.

மறைக்கிறதும் நான் சரின்னு சொல்ல மாட்டேன். வயசானவங்க தாங்க மாட்டாங்கன்னு நாமளா முடிவு பண்ணி மறைச்சா, குரல வச்சே அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, கண்டுபிடிச்சதும் இருக்குறத விடப் பெருசா கற்பனை பண்ணிக்குவாங்க. நாங்க அப்புறம் பழகிக்கிட்டது, உண்மை, சின்னதா, தேதியோட. "அத்தை, கழுத்துல ஒரு கட்டி இருக்கு, டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கு, வர்ற வெள்ளிக்கிழமை ரிசல்ட்டு வரும், வந்ததும் அவளே பேசுவா. அதுவரைக்கும் அவகிட்ட இதப் பத்திக் கேக்காம எப்பவும் போலப் பேசுங்க." கடைசி வரி முக்கியம். ஊர்ல இருக்குறவங்களுக்கு எப்படிப் பேசுறதுன்னு தெரியாமத்தான் அழுறாங்க, எப்படின்னு சொல்லிட்டா அழகா செய்வாங்க. அவளோட அம்மா அதுக்கப்புறம் போன் பண்ணா மோர்க்குழம்பு, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதுன்னு பேசுவாங்க. அவ அந்தப் போனுக்காகக் காத்துக்கிட்டே இருப்பா.

மஸ்கட் அண்ணனுக்கு வேற மாதிரி. அவர் தூரத்துல இருந்து எதுவும் செய்ய முடியலையேன்னு தினம் ஒரு ஆஸ்பத்திரி பேர், ஒரு டாக்டர் வீடியோ அனுப்பிக்கிட்டு இருந்தார். அவருக்கு ஒரு வேலை குடுத்தோம். இன்சூரன்ஸ் பாலிசிய அவருக்கு அனுப்பி, ஆபரேஷன் ஆனா எது கவர் ஆகும், காத்திருப்பு காலம் ஏதாவது இருக்கா, எந்தெந்த ஆஸ்பத்திரில பணம் கட்டாம சேரலாம்னு படிச்சுச் சொல்லுங்க மச்சான்னு கேட்டேன். ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சு ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புனார். எங்களுக்கு அந்த ரெண்டு ராத்திரி மிச்சம், அவருக்கும் மனசு ஆறுச்சு. வெளிநாட்டுல இருக்குற அண்ணன் தம்பிக்கு இப்படி அங்க இருந்தே செய்யக்கூடிய வேலையா ஒண்ணு குடுங்க.

மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னா

வெள்ளிக்கிழமை ரிசல்ட்டு வந்துச்சு. பெதஸ்டா 3. ஊசி டெஸ்ட்டோட முடிவ 1ல இருந்து 6 வரைக்கும் பிரிப்பாங்க, 2னா பயம் இல்ல, 6னா புத்துநோய், 3னா இப்படியும் சொல்ல முடியல அப்படியும் சொல்ல முடியலன்னு அர்த்தம். மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம்னார். நல்லதுன்னா சந்தோஷப்படலாம், கெட்டதுன்னா அடுத்த வேலையப் பாக்கலாம், இதுக்கு என்ன முகத்த வச்சுக்குறதுன்னே தெரியாம வீட்டுக்கு வந்தோம்.

முதல் வாரம் நான் எல்லா வேலையையும் பிடுங்கிக்கிட்டேன். மாவாட்டுறது, டிபன் கட்டுறது, துணி, கடை. அவ ஒரு நாள் சமையக்கட்டுல வந்து நின்னு, "என்னைய நோயாளியா ஆக்காதீங்க, எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல"ன்னா. அவளுக்கு காலைல காப்பி போடுறதும் பூவாங்கிக் கட்டுறதும் வேலையே இல்ல, அது அவ நாளோட ஆரம்பம். எதெல்லாம் வேணும் எதெல்லாம் வேணாம்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போடுறது, பில்லு கட்டுறது, சொந்தக்காரங்க போன் எடுக்குறது, ராத்திரி பாத்திரம், இது நாலும் நீங்க பாத்துக்கங்க, மத்தது எப்பவும் போலன்னா. நாமளா ஊகிக்காம கேட்டுருங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ திரும்பக் கேளுங்க, ஏன்னா பதில் மாறும்.

டெஸ்ட்டப் பத்திப் பேசுறதுக்கு ஒரு நேரம் வச்சோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பொண்ணு கீழ விளையாடப் போனதும் மொட்ட மாடில. மனசுல இருக்குறது எல்லாம் அங்க. மத்த நாள்ல பேசக்கூடாதுன்னு இல்ல, ஆனா பேச ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சதால மத்த நாள் கொஞ்சம் லேசா போச்சு. நெட்டுல தேடுறதையும் அங்கதான், ரெண்டு பேரும் சேர்ந்து, நோட்டுல கேள்வியா எழுதுறதுக்கு மட்டும்.

சாப்பாடு விஷயத்துல நிறைய வரும். முட்டைகோஸ் தொடாதே, காலிஃப்ளவர் தொடாதே, இந்தக் கஷாயம் குடிச்சா கட்டி கரைஞ்சிரும், அந்த எண்ணெய் தடவுனா போயிரும்னு வாட்ஸப்புல வந்துக்கிட்டே இருக்கும். நாங்க எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டுப் போய் டாக்டர்கிட்டயே கேட்டோம். அயோடின் உப்பு போட்டு வழக்கமா சாப்பிடுறவங்க வேக வச்ச கோஸ அளவா சாப்பிடுறதுல ஒண்ணும் இல்ல, கட்டியக் கரைக்கிற கஷாயம்னு எதுவும் கிடையாது, அத நம்பி தேதிய தள்ளிப் போடாதீங்கன்னார். அனுப்புறவங்க அன்புலதான் அனுப்புறாங்க, "டாக்டர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் சித்தி"ன்னு ஒரே பதில் வச்சுக்கங்க. சண்டை போட்டு விளக்குறதுக்கு அப்ப நமக்குத் தெம்பு இருக்காது.

பொண்ணுகிட்ட அவளேதான் சொன்னா. அம்மா கழுத்துல ஒரு கட்டி இருக்கு, டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒட்டிக்காது, உன்னால வரல, ஏதாவது புதுசாத் தெரிஞ்சா உனக்கு நானே சொல்வேன். புள்ளைங்க நாம பேசுறதக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், பாதி காதுல விழுந்தா அது முழு ராத்திரியும் தூங்காது. "உன்னால வரல"ங்குறத கண்டிப்பா சொல்லுங்க. எங்க பொண்ணு முந்தின வாரம் அவகிட்ட கத்திட்டு அதனாலதான் வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவ முழிச்சு உக்காந்திருப்பா, அந்த நேரத்துல புத்தி சொல்லாதீங்க. லைட்ட போடாம, தண்ணி குடுத்து, வேணும்னா பால்கனில கொஞ்ச நேரம் உக்காருங்க. ரெண்டு மூணு வாரமா தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னா டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும். 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நானே ஒரு தடவ பேசினேன். கூட இருக்குறவங்களும் பேசலாம்.

ஊர்ல இருக்குற அம்மாவுக்கு

இவ்வளவுக்கு நடுவுல 500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி அம்மா. "நல்லா இருக்கியாம்மா"ன்னு கேட்டா "நல்லாத்தாம்ல இருக்கேன், நீ அவளப் பாரு"ன்னுதான் பதில் வரும், அதுல ஒண்ணுமே தெரியாது. கேள்விய மாத்துங்க. இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச, காலைல எத்தன மணிக்கு எந்திரிச்ச, மாத்திரை அட்டைல இன்னும் எத்தன மிச்சம் இருக்கு, கோயிலுக்குப் போனியா. ரெண்டு நாள் தொடர்ந்து கொழம்பு வைக்கலன்னா ஏதோ முடியலன்னு அர்த்தம். வாரத்துக்கு ஒரு தடவ வீடியோ கால், முகத்த மட்டும் பாக்காதீங்க, கால காட்டச் சொல்லுங்க, வீக்கம் இருக்கான்னு தெரியும், சுகர் இருக்குறவங்களுக்குப் பாதத்துல புண்ணு இருக்கான்னும் தெரியும். போன சுவத்துல சாச்சு வச்சுட்டு நாலடி நடந்து காட்டச் சொல்லுங்க, தடுமாற்றம் இருந்தா கண்ணுல படும். தினமும் ஒரே நேரம் பேசுங்க. நான் ராத்திரி எட்டு மணி, அஞ்சு நிமிஷம். நேரம் நிச்சயமா இருந்தா மத்த நேரமெல்லாம் போன் வரலையேன்னு அவங்க தவிக்க மாட்டாங்க.

மாத்திரைக்கு, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்டுல அரசாங்கம் ஆரம்பிச்ச திட்டம் இருக்கு, சுகர் பிரஷர் இருக்குறவங்க வீட்டுக்கே வந்து பாத்துட்டு மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க. பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பதிஞ்சுக்கணும். எங்க அம்மாவுக்கு மாத்திரைய விட மாசத்துக்கு ஒருத்தர் கதவத் தட்டி பிரஷர் பார்த்துட்டுப் போறாங்கங்குறதுதான் எனக்கு நிம்மதி. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வச்சிருங்க, உடம்பு நல்லா இருக்குறப்பவே. படுத்ததுக்கு அப்புறம் அலைய முடியாது.

ஊர்ல மூணு பேர் வேணும். ஒருத்தர் பக்கத்து வீடு, சாவி ஒண்ணு அவங்ககிட்ட இருக்கணும். ஒருத்தர் ஆட்டோக்காரர், ராத்திரி கூப்பிட்டாலும் வரக்கூடியவர். ஒருத்தர் ஆஸ்பத்திரில கூட நின்னு டாக்டர் சொல்றத காதுல வாங்கிச் சொல்லக்கூடிய ஆள், எனக்கு அது கூடப் படிச்ச ஃப்ரெண்டு. மூணு பேர்கிட்டயும் நேர்ல போய்க் கேட்டு வச்சேன், "ஏதாவதுன்னா பாத்துக்கங்க"ன்னு பொதுவா சொல்லாம, நீங்க செய்ய வேண்டியது இன்னதுன்னு. அம்மா பீரோ கதவுக்கு உள்பக்கம் பெரிய எழுத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு: என்ன வியாதி, என்ன மாத்திரை, எந்த டாக்டர், என் நம்பர், 108. பக்கத்துலயே ஒரு கவர்ல 5,000 ரூபாய். பக்கத்து வீட்டு மதினி கைக்காசு போட்டு நம்ம அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நிலைமை வரக்கூடாது. 108ஐ அங்க இருக்குறவங்கதான் அடிக்கணும், தெரு அடையாளம் அவங்களுக்குத்தான் சொல்லத் தெரியும், நீங்க வெளிமாநிலத்துல இருந்து அடிச்சா அந்த மாநிலத்துக்குத்தான் போகும்.

தீபாவளிக்குப் போனப்ப பாத்ரூமுக்கு ஒரு கைப்பிடி, ரப்பர் மேட்டு, ராத்திரி எரிய ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுட்டு வந்தேன். எந்திரிச்சதும் உடனே நடக்காம கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு நடன்னு சொல்லிக் குடுத்தேன், பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கு சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும். வீட்டு முற்றத்த மட்டும் விட்டுட்டேன். மழை பெஞ்சா பாசி பிடிக்கிற முத்தம் அது, எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும்.

ரெண்டும் ஒரே நாள்ல வந்தா

வந்துச்சு. ரெண்டாவது ஊசி எடுத்து அஞ்சாம் நாள், மறுநாள் ரிசல்ட்டு, ஐப்பசி மழை, காலைல ஆறரைக்கு மதினி போன்: "தம்பி பதறாதீங்க, அத்தை முத்தத்துல வழுக்கிட்டாங்க, கை வீங்கியிருக்கு, நல்லாப் பேசுறாங்க."

பதறத்தான் செஞ்சேன். பேக்க எடுத்துட்டேன். என் மனைவிதான் உக்கார வச்சு நோட்டத் திறந்தா. தலை அடிபட்டுச்சா, மயக்கம் வந்துச்சா, வாந்தி இருக்கா, இடுப்பு வலிக்குதா, எந்திரிச்சு நிக்க முடியுதா. போன்ல ஒண்ணொண்ணா கேட்டோம், எல்லாத்துக்கும் இல்ல, மணிக்கட்டு மட்டும்தான், நிக்க முடியுது. தலைலயோ இடுப்புலயோ அடின்னா, வலி இல்லன்னாலும் உடனே 108, அதுல யோசிக்கவே வேணாம். இது கை. ஆட்டோக்காரர் வந்தார், மதினியும் ஃப்ரெண்டும் கவர்ல இருந்த காச எடுத்துக்கிட்டு கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கீறல் விட்டிருக்கு, மாவுக்கட்டு ஆறு வாரம். எக்ஸ்ரே போட்டோ பத்தரைக்கு என் போனுக்கு வந்துருச்சு.

அன்னைக்கு நான் போகலாமா இருக்கலாமான்னு முடிவு பண்ணது ஒரே ஒரு கேள்விய வச்சுத்தான்: இந்த வேலைய என்னத் தவிர வேற யாராவது செய்ய முடியுமா. எக்ஸ்ரேக்கு ஃப்ரெண்டு நிக்கலாம், மாவுக்கட்டு போடுறப்ப மதினி கைய பிடிச்சுக்கலாம். மறுநாள் ரிசல்ட்டு வாங்கி கவரப் பிரிக்கிறப்ப அவ பக்கத்துல நிக்க வேற ஆள் கிடையாது. இத எங்க அம்மாகிட்ட அப்படியே சொன்னேன், "நாளைக்கு அவகூட இருக்கணும்மா, நாளைக்கு ராத்திரி வண்டிக்கு வரேன்"னு. "அவகூட இருல, எனக்கு என்ன, கைதான"ன்னாங்க. இப்படி நேரம் சொல்லிட்டுத் தள்ளிப் போடுறதும், சாக்கு சொல்லித் தள்ளிப் போடுறதும் வேற வேற. எப்ப வருவேன்னு மணி சொல்லிருங்க, சொன்ன மணிக்குப் போயிருங்க.

டிக்கெட்டுக்குத் தட்கல் முந்தின நாள் காலைல, ஏசி 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்குத் திறக்கும். பேர், வயசெல்லாம் முன்னாடியே ஆப்ல சேத்து வச்சுக்கங்க. இதுக்குன்னே ஆபீஸ்ல நாலு நாள் லீவு தொடாம வச்சிருந்தேன், ஆடி மாசத்துல இருந்தே. மேனேஜர்கிட்டயும் விவரம் வேணாம், "வீட்டுல ஒரு மெடிக்கல் விஷயம் போய்க்கிட்டு இருக்கு, ஒரு நாள் சட்டுன்னு கிளம்ப வேண்டி வரலாம்"னு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க.

மறுநாள் ரிசல்ட்டு பெதஸ்டா 2. கவுன்ட்டர் பக்கத்துல நின்னு பேர், வயசு, வலது பக்கம், தேதி நாலையும் ரெண்டு பேரும் படிச்சோம், அப்புறம்தான் கீழ இருந்த வரியப் படிச்சோம். ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் பாக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். முதல் போன் அவ அம்மாவுக்கு, அவளே பேசினா. ரெண்டாவது எங்க அம்மாவுக்கு, அதுவும் அவளே. நான் பார்க்கிங்ல வண்டிய எடுத்துட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் மாவுக்கட்டோட எப்படி வெங்காயம் உரிக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க.

ராத்திரி வண்டிக்கு நான் மட்டும் போறதா இருந்துச்சு, அவளும் வரேன்னா, வெயிட்டிங் லிஸ்ட்டுல ஒண்ணு போட்டோம், கன்ஃபார்ம் ஆயிருச்சு. போன மறுநாளே கொத்தனார வரச் சொல்லி முத்தத்துக்கு சொரசொரப்பா சிமெண்டு போட்டாச்சு. உங்க ஊர் வீட்டுல அப்படி ஒரு இடம் இருக்கும், உங்களுக்கே தெரியும் எதுன்னு, அடுத்த தடவ போறப்ப அதத்தான் முதல்ல பாருங்க.